இறக்கத்தில் நிறுத்திய ஜீப்

சாவியைத் திருப்புங்கள் தம்பி. ம், போதும். விட்டுவிடுங்கள்.

இன்னொரு தடவை. இந்தத் தடவை முன்விளக்கையும் சேர்த்துப் போடுங்கள். பார்த்தீர்களா, விளக்கு மங்குகிறது. செல்ஃப் மோட்டார் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. விளக்கு மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால்தான் வேறு எங்கேயோ போய்த் தேட வேண்டும். மங்கினால் பேட்டரி, இல்லாவிட்டால் பேட்டரியில் இருந்து வருகிற வயர். நீங்கள் இன்றைக்கே திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பானெட்டைத் திறங்கள். வீட்டம்மாவையும் பாப்பாவையும் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் வெயில் வர இன்னும் நேரம் இருக்கிறது. புல்லைப் பாருங்கள், உப்பைக் கொட்டினது போலப் பனி உறைந்திருக்கிறது. நீங்கள் நேற்று அதைப் போட்டோ எடுத்தீர்களாமே, பெள்ளி சொன்னான். இங்கே வருகிற எல்லாரும் எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது யாரும் எடுப்பதில்லை.

பெள்ளி உங்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னான் என்றும் எனக்குத் தெரியும். "நல்லமுத்து அண்ணன் சத்தத்த வச்சே என்ன வியாதின்னு சொல்லிடுவாரு சார், அவரு வண்டியத் தவிர." அதைத்தானே சொன்னான்? சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறது. அவன் இந்தக் காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறவன், வருகிறவர்களிடம் ஏதாவது பேச வேண்டும் இல்லையா, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வான்.

அதோ ரேஷன் கடைக்கு முன்னால் கிரவுண்டில், சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறதே, அதுதான் என்னுடைய ஜீப். டீசல் வண்டி. பழசுதான், ஆனால் பாடியைத் தட்டிப் பாருங்கள், இந்தக் காலத்துத் தகரம் இல்லை.

இங்கே பாருங்கள், பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதுதான் உங்கள் வியாதி. பெள்ளி, ஒரு சொம்பு வெந்நீர் கொண்டா. கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது தம்பி. நான் ஒரு தடவை ஜீப்பின் டீசல் பம்ப் மேல் அப்படி ஊற்றினேன். குளிர்ந்த இரும்பு திடீரென்று சூட்டைத் தாங்காது, உள்ளே பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றி ஊட்டிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்கிவருவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. அந்த ஒரு வாரம் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது, படுத்தபடியே யோசிப்பேன். முதலில் பில்டரைப் பார்த்திருக்கணுமோ? ஹீட்டரைத் தொடாமல் இருந்திருக்கணுமோ? எங்கே தப்பு செய்தேன்? நான் எதையும் அடுத்தவன் மேல் போடுகிற ஆள் இல்லை. என்னை நானே கேட்டுக்கொள்கிறவன்.

உங்களுக்குக் கீழ்நாட்டுப் பழக்கம், அதனால் வண்டியை இப்படிச் சமதரையில் நிறுத்திவிட்டீர்கள். எங்கள் ஊரில் அப்படி நிறுத்த மாட்டோம். இறக்கத்தில்தான் நிறுத்துவோம். மாரியம்மன் கோயிலில் இருந்து பள்ளிக்கூடம் வரை ஒரே இறக்கமாக ஒரு ரோடு இருந்தது. அதில் வண்டி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். பட்டா கிடையாது, ஆனால் பட்டாவைவிடக் கெட்டி. மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அடைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். காலையில் கல்லை எடுத்துவிட்டு, கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை விட்டால் தானாக உருளும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் கிளட்சை விடுவோம். 'டப்'பென்று இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பனி பெய்தாலும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் செல்ஃப் எதற்கு, ஹீட்டர் எதற்கு?

ஒரு கல்யாணத்துக்குக் கீழேயிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் தெரியாமல் என் இடத்தில் காரை நிறுத்திவிட்டார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் மைக்கில் சொல்லி எடுக்கவைத்தார்கள். அவ்வளவு மரியாதை அந்த இடத்துக்கு.

வருஷக்கணக்காக அப்படி ஓடின வண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவேன், கேரட் மூட்டையை ஏற்றுவேன், பிரசவ வலி எடுத்த பெண்களை ஏற்றுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆனால் இந்த ஊரில் இப்போது மீசை வைத்திருக்கிற பாதிப் பேர் என் ஜீப்பில் வாந்தி எடுத்தவர்கள்தான். செல்ஃப் மோட்டார் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஓடுகிற வண்டியை யார் திறந்து பார்க்கிறார்கள், சொல்லுங்கள்.

வந்துவிட்டதா வெந்நீர்? இப்படி ஊற்று. மெதுவாக, மெதுவாக. பாருங்கள் தம்பி, அந்த வெள்ளை எல்லாம் நுரைத்துக்கொண்டு போகிறது. காயட்டும். அதற்குள் இந்த நட்டைக் கழற்றி, உள்பக்கம் சுரண்டிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி பெயர் பூங்கோதை. போன வருஷம் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கால் வீங்கும். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை, தரையெல்லாம் ஈரம், அதனால்தான் என்று நினைத்தோம். ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அவளும் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாள். அப்புறம் முகமும் வீங்கியது. ஊட்டியில் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் ரொம்ப நாளாகவே வேலை செய்யவில்லை என்றார்கள். ரொம்ப நாளாகவே என்றார் அந்த டாக்டர். எனக்கு அது இன்னமும் விளங்கவில்லை. கூடவே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? டாக்டர்கள் சும்மா அப்படிச் சொல்வார்கள் போல. அதை விடுங்கள். வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். மேட்டுப்பாளையத்தில் இடம் கிடைத்தது, காலை நேரத்தில். இருட்டோடு கிளம்பி, மலை இறங்கி, அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஜீப்பிலேயே படுத்திருப்பேன். முடிந்ததும் போர்வை போர்த்திக் கூட்டிக்கொண்டு வருவேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. அங்கே நர்ஸ் ஒருத்தி சொல்வாளாம், "உங்க வீட்டுக்காரர மாதிரி நேரத்துக்குக் கொண்டுவந்து விடற ஆள நான் பாத்ததே இல்லக்கா" என்று. பூங்கோதை அதை வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அப்புறம் ஐப்பசி மழை. இந்தத் தடவை எப்படிப் பெய்தது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஒரு ராத்திரி பெருஞ்சத்தம் கேட்டது, காலையில் போய்ப் பார்த்தால் இறக்கத்து ரோட்டையே காணோம். மண்ணோடு சரிந்து பள்ளத்தில் கிடக்கிறது. நல்லவேளை, வண்டிகளை எல்லாம் முந்தின நாளே எடுத்துவிட்டோம். மணல்மூட்டை அடுக்கி, கயிறு கட்டி, யாரும் போகக்கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள்.

மலையில் இறக்கத்துக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். மிச்சம் இருக்கிற இறக்கம் எல்லாம் யாராவது ஒருவர் தோட்டம், இல்லாவிட்டால் முடிகிற இடம் பள்ளம். இந்தக் கிரவுண்டில் இருந்து மெயின் ரோட்டுக்கு முதலில் ஏற்றம், அப்புறம்தான் இறக்கம். ஆகவே வண்டிகள் எல்லாம் இங்கே வந்து சமதரையில் நின்றன. என் ஜீப்பும் வந்து நின்றது.

மார்கழி பிறந்து பனி விழ ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. செல்ஃப் சுற்றவில்லை. அதை மாற்றினேன். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்ஜினை உள்ளே சூடாக்குகிற ஹீட்டர் பிளக் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அதையும் மாற்றினேன். டீசல் பில்டரில் தண்ணீர், அதை இறக்கினேன். டீசல் நெய் மாதிரி திரண்டு நிற்கிறது என்று டேங்க்குக்கு அடியில் தகரத்தில் கரியைப் போட்டு அனல் காட்டினேன். ஒன்று சரியானால் அதற்குப் பின்னால் இன்னொன்று. ஊர்க்காரர்கள் நல்லவர்கள், முதலில் கொஞ்ச நாள் தள்ளிவிட்டார்கள். பனியில் நனைந்த புல், சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் அந்த நேரம் பார்த்து எல்லாருக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை.

பேட்டரியை மட்டும் நான் விடவே இல்லை. ராத்திரி கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், பூங்கோதையின் ஸ்வெட்டரில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பேட்டரிக்குக் குளிர் ஆகாது. அவளுக்குக் கீழே ஸ்வெட்டர் தேவைப்படாது.

சொல்ல மறந்துவிட்டேன், அவள் இப்போது காரமடையில் இருக்கிறாள். தங்கச்சி வீட்டில். வண்டி சரியாகும் வரைக்கும்தான்.

அது எப்படி என்றால், ஒரு டயாலிசிஸ் நாள். விடிவதற்கு முன்னால் கிளம்பணும். ஜீப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டர் வைத்திருக்கிற பையன் ஒருவன் "பஸ் ஸ்டாப்புல விட்டுடட்டா மாமா" என்றான். வேண்டாம் என்றேன். பால் வண்டி வந்தது. சொசைட்டி வேன், நேராக மேட்டுப்பாளையம் போகிறது. டிரைவர் ஹாரன் அடித்து, "அக்காவ முன்னாடி ஏத்துங்கண்ணே, நான் விட்டுடறேன்" என்றான். கையைக் காட்டி அவனைப் போகச் சொன்னேன். ஏன் என்றால், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் தம்பி. இன்னும் இரண்டு தடவை சுற்றினால் பிடித்துவிடும் என்கிற சத்தம் அது. ஒரு சிலிண்டர் அடித்துவிட்டது. புகைகூட வந்தது. வெள்ளைப் புகை. புகை வந்த வண்டியை விட்டுவிட்டு யாராவது போவார்களா?

அவள் அங்கே ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியும். அதனால்தான் நான் இன்னும் வேகமாக வேலை பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்து டீசல் லைனை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்தது காலை வைத்துத்தான் தெரிந்தது. பெரிய செருப்புக்குள் சாக்ஸ் போட்ட கால். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"நான் பஸ்ல போறேங்க."

"இரு, இரு. லைன்ல இருந்த காத்து எறங்கிடுச்சு. இப்பப் பிடிச்சிடும்."

"நீங்களும் வர்றீங்களா?"

"தெறந்து போட்டுட்டு எப்படி வர்றது? ஒரு நிமிஷம் இரு."

அப்புறம் கால் நகர்ந்தது. நான் வெளியே வந்து பார்த்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. தனியாக அவ்வளவு ஏற்றம் ஏறிப் போயிருக்கிறாள். டயாலிசிஸ் முடிந்ததும் அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிஷம் இருந்திருந்தால் நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

பிடித்ததா என்று கேட்கிறீர்களா? அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது.

இப்போது நட்டை இறுக்கியாயிற்று. உட்காருங்கள். சாவியைப் போடுங்கள். அவசரம் வேண்டாம். முதல் திருப்பில் நிறுத்துங்கள். மீட்டரில் ஸ்பிரிங் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதா? அது ஹீட்டர் விளக்கு. உங்கள் ஊரில் அது எரிவதே உங்கள் கண்ணுக்குத் தெரியாது, உடனே அணைந்துவிடும். இங்கே அது அணைகிற வரைக்கும் காத்திருக்கணும். நீங்கள் காலையில் காத்திருந்திருக்க மாட்டீர்கள், திருப்பித் திருப்பி அடித்திருப்பீர்கள். பேட்டரியில் பாதி அதில்தான் போயிருக்கும். எரியட்டும். எரியட்டும். பேசிக்கொண்டே இருப்போம்.

ஒரு தடவை நான் பஸ்ஸில் போனேன், அவளைப் பார்க்க. என்னை மனசாட்சி இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் கால் வைக்கிறேன், என் சகலை துரைசிங்கம் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன சகலை, கையை வீசிட்டு வர்றீங்க? தேர் எங்க? படுத்துக்கிச்சா?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்கிறாள் பூங்கோதை. அவர் எல்லாரையும் அப்படித்தான் பேசுவார் என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை, ஆட்டோவில் போகிறவர். எல்லார் முன்னாலும் நான் சொன்னேன், "அடுத்த தடவை என் வண்டியிலதான் வருவேன். வந்து இவளைக் கூட்டிட்டுத்தான் போவேன்." சொன்னபடி செய்யணும் இல்லையா?

பூங்கோதை கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "வண்டி கெடக்கட்டும். இங்கயே இருந்துடுங்க. மாடில ரூம் சும்மாத்தான் இருக்கு, செங்கமலம் பாய்கூடப் போட்டு வச்சிருக்கா" என்றாள். செங்கமலம் அவள் தங்கச்சி. நான் சொன்னேன், "பேட்டரிய சார்ஜ்ல போட்டுட்டு வந்திருக்கேன் கோதை, ரொம்ப நேரம் விட்டா வீணாயிடும்." கடைசி பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் கரண்ட் போயிருந்தது, பேட்டரி ஏறவே இல்லை. அதற்கும் என்னைத்தான் நொந்துகொண்டேன். ஒரு மணிநேரம் முன்னாலேயே கிளம்பியிருக்கலாம்.

போன் பண்ணுவாள். ஆரம்பத்தில் தினமும். "சாப்பிட்டீங்களா" என்பாள். நான் அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று சொல்வேன். பில்டர், பம்ப், நாசில். கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை, "நீங்க மட்டும் வந்தாப் போதும்ங்க." அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கும் வண்டி மேல் நம்பிக்கை போய்விட்டது பார்த்தீர்களா. ஊரே சிரித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் அப்படிச் சொல்லலாமா? அவளுக்காகத்தானே இத்தனையும்?

விளக்கு அணைந்ததா? சாவியை நிறுத்தி இன்னொரு தடவை போடுங்கள், நன்றாகச் சூடாகட்டும். சரி.

ஊட்டியில் இருந்து நூர்தீன் என்கிற மெக்கானிக்கையே கூட்டிவந்து காட்டினேன். சின்ன வயசுதான், ஆனால் கைக்காரன். எல்லாம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க மாத்தினதெல்லாம் சரிதான். ஆனா அது ஒண்ணும் வியாதி இல்ல. இன்ஜின் தேஞ்சுபோச்சு. உள்ள காத்து நிக்கல. நீங்க எறக்கத்துல உருட்டி உருட்டியே இத்தன வருஷம் ஓட்டினதால தெரியாமப் போச்சு. லாரில ஏத்திக் கீழ கொண்டுபோய் இன்ஜினை எறக்கணும், இல்ல எடைக்குப் போட்டுடணும்."

"அப்ப இங்க ஸ்டார்ட்டே ஆகாதா?"

"சித்திர வெயில்ல வேணா ஒரு தடவ ஆகலாம்."

"அப்ப ஆகும்ங்கற."

"நான் ஆகாதுன்னு சொல்றேண்ணே."

"இப்பத்தானே ஆகலாம்னே?"

அவன் பெள்ளியைப் பார்த்தான். பெள்ளி வேறு எங்கேயோ பார்த்தான். இதுதான் இந்தக் காலத்து மெக்கானிக்குகளிடம் பிரச்சினை, கொஞ்சம் மல்லுக்கட்டிப் பார்ப்பதில்லை. எடைக்குப் போடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே காற்று நிற்கவில்லை என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. டீசலை உள்ளே தெளிக்கிற நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை உள்ளே விட்டால், அது இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை பிடிக்கிற அளவுக்குக் காற்று நிற்கும். எனக்கு ஒரு தடவை பிடித்தால் போதும். காரமடை வரைக்கும் அணைக்காமலே போய்விடுவேன். இன்றைக்கு அதைத்தான் செய்யப்போகிறேன். நாசில்களை எல்லாம் நேற்றே கழற்றி வைத்துவிட்டேன்.

இதுவும் நேற்றுச் சாயங்காலம் செங்கமலம் போன் பண்ணினதால்தான். "மாமா, அக்காவுக்கு இனிமே டயாலிசிஸ் வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒடம்பு தாங்காதாம். வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். நீங்க பொறப்பட்டு வாங்க மாமா" என்றாள். அழுதாள். அவள் எதற்கெடுத்தாலும் அழுகிறவள். நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். டயாலிசிஸ் வேண்டாம் என்றால், அவள் இனிக் கீழே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு ஓடவும் வேண்டாம். இங்கேயே கூட்டிவந்து, அடுப்பு மூட்டி, பக்கத்தில் உட்காரவைத்துவிடலாம். அப்படித்தானே அர்த்தம்?

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்?

அணைந்துவிட்டது பாருங்கள் மஞ்சள் விளக்கு. இப்போது அடியுங்கள். அடியுங்கள்.

ஆங். கேட்டீர்களா? இதுதான் சத்தம். நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பேசுகிறது. கொஞ்சம் கரகரப்பு இருக்கும், சூடானால் போய்விடும். ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டாம், அப்படியே ஓடட்டும். பையை எல்லாம் ஏற்றுங்கள். பாப்பாவைக் கூட்டிவாருங்கள். என்ன அருமையாக ஓடுகிறது. கையை வைத்துப் பார்க்கிறேன், ஒரு அதிர்வு இல்லை.

அதெல்லாம் வேண்டாம் தம்பி, பணத்தை உள்ளே வையுங்கள். ஒரு நட்டு இறுக்கினதற்கெல்லாம் வாங்க மாட்டேன்.

என்னது?

காரமடை வழியாகவே போய் என்னை இறக்கிவிடுகிறீர்களா? மேட்டுப்பாளையம் தாண்டினால் காரமடைதானே. இல்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம். அம்மா, நீங்கள் ஏன் இறங்குகிறீர்கள்? பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், குழந்தை வசதியாக உட்காரட்டும். பெள்ளி, நீ சும்மா இருடா, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்காதே. "போங்கண்ணே, ஜீப்ப நான் பாத்துக்கறேன்" என்கிறான். இவனுக்கு என்ன தெரியும் ஜீப்பைப் பற்றி?

சரி. நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்கள். ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

நன்றாக இருக்கிறது. ஹீட்டர் போட்டுவிட்டீர்களா, அதற்குள் காலுக்குச் சூடு வருகிறது. பாப்பா, என் சட்டையில் சாயாதே கண்ணு, எல்லாம் கிரீஸ். மதியத்துக்குள் போய்விடலாம் இல்லையா? அவள் மதியம் கொஞ்சம் கஞ்சி குடிப்பாள் என்று சொன்னார்கள். இப்போது அதுவும் குடிப்பதில்லையாம். நான் கொடுத்தால் குடிப்பாளோ என்னவோ. இந்தக் கண்ணாடி எப்படி இறங்கும்? ஒன்றும் இல்லை, மூச்சு முட்டுகிறது.

கொஞ்சம் இருங்கள். வெயில் வந்துவிட்டது. அதோ பாருங்கள், கிரவுண்டில் பாதி தூரம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜீப் மேல் விழும். இன்றைக்கு வெயில் நன்றாக அடிக்கும் போல இருக்கிறது. நாசில் கழற்றின ஓட்டைகளைத் துணி வைத்துத்தான் மூடியிருக்கிறேன். அப்படியே விட்டுவிட்டுப் போனால் ராத்திரிப் பனி உள்ளே இறங்கிவிடும். அப்புறம் அந்த இன்ஜின் என்றைக்குமே எழுந்திருக்காது. போய் நான் என்ன செய்யப்போகிறேன், சொல்லுங்கள். வெறுங்கையோடு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். துரைசிங்கம் என்னைப் பார்ப்பார். எல்லாரும் பார்ப்பார்கள். அவளும் பார்ப்பாள். நான் என்ன சொல்வேன்? ஒரு கார்க்காரர் ஏற்றிவந்து விட்டார் என்றா? இப்படித்தான் வர முடியும் என்றால் நான் மார்கழியிலேயே வந்திருக்கலாமே.

கதவைத் திறங்கள் தம்பி. எனக்கு இந்த மாதிரிக் கதவு திறக்கத் தெரியவில்லை.

கோவித்துக்கொள்ளாதீர்கள். அம்மா, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், பாப்பா பயப்படும். நீங்கள் எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். காரமடையில் ரயில்வே கேட்டைத் தாண்டினதும் ஒரு அரிசி மில் வரும். அதற்கு எதிர்ச்சந்தில் மூன்றாவது வீடு, துரைசிங்கம் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். நீங்கள் உள்ளே போக வேண்டாம், காபி குடி அது இது என்று உட்காரவைத்துவிடுவார்கள், உங்களுக்கு நேரமாகிவிடும். அவள் கட்டில் முன்னறையில்தான் இருக்கிறது. வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாலே கேட்கும்.

மேலே நல்லமுத்துவைப் பார்த்தோம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.